கில்பர்ட் அடேர்: இரவல் எழுத்தா, சொந்த எழுத்தா?

கழிமுகம்:
ஸ்காட்லாந்து எழுத்தாளர் கில்பர்ட் அடேரின் புத்தகங்களை அடுத்தடுத்துப் படித்து முடித்தேன். 1944-ல் எடின்பரோவில் பிறந்தவர், 2011-ல் லண்டனில் இறந்தார். நாவல், சினிமா விமர்சனம், பத்திரிகைக் கட்டுரை, மொழிபெயர்ப்பு, திரைக்கதை என்று எல்லாம் எழுதியிருக்கிறார். எனக்குப் பட்டதை நேராகவே சொல்கிறேன்: மகா கெட்டிக்காரர், ஆனால் கடைசி வரை வாடகை வீட்டிலேயே குடியிருந்தவர். 1984-ல் லூயிஸ் கரோலின் ஆலிஸ் கதைகளுக்கு ஒரு தொடர்ச்சி எழுதினார். அப்புறம் பீட்டர் பேனுக்கு ஒன்று. 'தி ஹோலி இன்னசென்ட்ஸ்' ழான் கோக்தோவின் நாவலைப் பார்த்து எழுதியது. 'லவ் அண்ட் டெத் ஆன் லாங் ஐலண்ட்' தாமஸ் மன்னின் வெனிஸ் குறுநாவலைப் பார்த்து. கடைசிக் காலத்தில் அகதா கிறிஸ்டி பாணியில் மூன்று துப்பறியும் நாவல்கள். படிக்கும்போது எல்லாமே இனிக்கிறது. மூடி வைத்தபின் அடேர் என்ற ஆள் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

மாடப்புறா:
கடுமையாக மறுக்கிறேன். லாங் ஐலண்ட் நாவலையே எடுத்துக்கொள்வோம். மன்னின் 1912-ம் வருடக் கதையில் வயதான எழுத்தாளர் அஷன்பாக், தான் மனதைப் பறிகொடுத்த டாட்ஸியோ என்ற போலந்துச் சிறுவனிடம் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. தூரத்திலிருந்து பார்த்துப் பார்த்தே அழிகிறார். அடேரின் லண்டன் எழுத்தாளரும் உயர்ந்த ரசனைக்காரர்தான், மனைவியை இழந்தவர். ஃபார்ஸ்டர் நாவலின் திரைவடிவத்தைப் பார்க்கப் போனவர், தவறான அரங்கில் உட்கார்ந்து, மலிவான அமெரிக்க கல்லூரிப் படத்தில் ஓர் இளம் நடிகனைப் பார்த்து மனதைப் பறிகொடுக்கிறார். பதின்வயதுப் பெண்கள் வாங்கும் பத்திரிகைகளைத் தேடித் தேடி வாங்குகிறார். பிறகு விமானம் ஏறி அமெரிக்காவுக்கே போய் அவனைச் சந்திக்கிறார். காதலைச் சொல்லியும் விடுகிறார்.

அஷன்பாக்குக்கு மௌனம் ஒரு கவசம். அதை அடேர் கழற்றிவிட்டார். அவமானம் முழுசாக இந்த மனிதர் தலையில் விழுகிறது. மன்னை நகல் எடுப்பவர் இதைச் செய்ய மாட்டார், மன் நிறுத்திய இடத்தைத் தாண்டிப் போகத் துணிந்தவர்தான் செய்வார். 1997-ல் வந்த படத்தில் ஜான் ஹர்ட்டின் முகத்தைப் பாருங்கள், இது வெறும் கெட்டிக்காரத்தனமா என்று தெரியும்.

கழிமுகம்:
அந்த ஒரு நாவலை விட்டுத்தரலாம். 'தி டெத் ஆஃப் தி ஆத்தர்' நாவலை எப்படி நியாயப்படுத்துவீர்கள்? அதன் பின்னணி நிஜம். இலக்கியக் கோட்பாட்டாளர் பால் டி மான் 1983-ல் இறந்தார். அவர் இளம் வயதில், ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த பெல்ஜியத்தில், நாஜிகளுக்கு ஒத்துழைத்த பத்திரிகையில் எழுதிய கட்டுரைகள் 1987-ல் வெளியே வந்தன. யூத எதிர்ப்பு எழுத்தும் அதில் உண்டு. இத்தனை கனமான விஷயத்தை 1992-ல் அடேர் ஒரு கொலை மர்மமாகச் சுருட்டித் தருகிறார். லியோபோல்ட் ஸ்ஃபாக்ஸ் என்று ஒரு பேராசிரியர், வளாகத்தில் கொலைகள், செத்த பிறகும் பேசும் கதைசொல்லி. எனக்கு இது உறுத்துகிறது. பலியானவர்கள் அந்தக் கதையில் எங்கே?

மாடப்புறா:
பலியானவர்களைப் பற்றிய நாவல் அல்ல அது, தப்பிக்கப் பார்ப்பவனைப் பற்றியது. எழுதியவனுக்கும் எழுத்துக்கும் தொடர்பில்லை என்ற கோட்பாடு யாருக்கு மிகவும் வசதி? தான் எழுதியதை மறைக்க வேண்டியவனுக்கு. ஸ்ஃபாக்ஸ் தன் புகழையே அதன் மேல் கட்டியிருக்கிறார். வகுப்பறைத் தத்துவத்தை ஒரு குற்றவாளியின் தந்திரமாகக் காட்ட துப்பறியும் கதையைவிடப் பொருத்தமான வடிவம் எது? அங்கே யார் செய்தார் என்ற கேள்வியிலிருந்து யாரும் நழுவ முடியாது. 'ஆசிரியரின் மரணம்' என்ற கட்டுரையில் அந்தக் கோட்பாட்டை முன்வைத்த பிரெஞ்சு விமர்சகர் ரோலண்ட் பார்த்தை ஆழமாகப் படித்து நேசித்த ஒருவர் இதை எழுதினார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தான் நேசிக்கும் சிந்தனைமரபின் இருட்டுப் பக்கத்தை இப்படித் திறந்து காட்ட நேர்மை வேண்டும்.

ஏட்டுச்சுவடி:
இருவரும் நாவலிலேயே நிற்கிறீர்கள். எனக்கு அவருடைய உச்சம் ஒரு மொழிபெயர்ப்புதான்: ஜார்ஜ் பெரெக்கின் பிரெஞ்சு நாவலை ஆங்கிலத்தில் தந்த 'எ வாய்ட்'. 1969-ல் வந்த மூல நாவலில் 'ஈ' (e) எழுத்து ஓரிடத்திலும் கிடையாது. அடேரும் அந்த எழுத்தைத் தொடவே இல்லை. ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் எழுத்து அது. 'தி' இல்லை, 'ஹீ' இல்லை, 'ஷீ' இல்லை, இறந்தகால வினைகளில் பெரும்பாலானவை இல்லை. இப்படியே சுமார் 300 பக்கம்! பெரெக் பிரெஞ்சுக் கவிதைகளை அந்த எழுத்து நீக்கி உள்ளே வைத்த இடங்களில், அடேர் ஹாம்லெட்டின் தனிமொழியையும் எட்கர் ஆலன் போவின் காகக் கவிதையையும் அதேபோல் மாற்றி வைத்தார். இதற்கு ஸ்காட் மாங்க்ரிஃப் மொழிபெயர்ப்பு விருது கிடைத்தது.

இதை வித்தை என்று தள்ளிவிடுவது நமக்குச் சரிப்படாது. உதடு ஒட்டாத எழுத்துகளைக் கொண்டே சிவப்பிரகாசர் திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி பாடியிருக்கிறார். அதை யாரும் பக்திக் குறைவு என்று சொன்னதில்லை. பெரெக்கின் தந்தை 1940-ல் போரில் மாண்டார். தாயை 1943-ல் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். இருந்தே ஆக வேண்டிய ஒன்று இல்லாமல் போன வெறுமைதான் அந்த நாவல் முழுக்க. அந்த வெறுமையை அடேர் இன்னொரு மொழியில் உயிரோடு கொண்டுவந்திருக்கிறார்.

கழிமுகம்:
அப்படியானால் அது பெரெக்கின் துக்கம். அடேருடையது எது? அதைத்தானே முதலிலிருந்து கேட்கிறேன்.

முன்வரிசை:
சினிமா! 1968 முதல் 1980 வரை பாரிசில் இருந்தவர். 1968 பிப்ரவரியில், பாரிசின் திரைப்படக் காப்பகமான சினிமாத்தெக்கின் தலைவர் ஆன்றி லாங்லுவாவை அரசு நீக்கியது. ட்ரூஃபோ, கோதார் போன்ற இயக்குநர்கள் எல்லாம் தெருவில் இறங்கினார்கள், ஏப்ரலில் அவர் பதவிக்குத் திரும்பினார். மே மாதம் நகரமே கிளர்ந்தது. 'தி ஹோலி இன்னசென்ட்ஸ்' அந்தக் கொதிப்பிலிருந்து வந்த கதை. கோக்தோவிடம் எடுத்தது எலும்புக்கூடு மட்டும். அதோடு அந்த நாவலில் அவருக்கே திருப்தி இல்லை. இயக்குநர் பெர்டோலுச்சி அதை 'தி ட்ரீமர்ஸ்' என்று படமாக்கியபோது திரைக்கதை எழுதியதோடு நிற்காமல், நாவலையே அதே பெயரில் 2003-ல் திருத்தி எழுதினார். 15 வருடம் கழித்தும் ஒரு கதை ஒருவரை விடவில்லை என்றால் அது இரவல் கதையா?

'ஃப்ளிக்கர்ஸ்' கிடைத்தால் அவசியம் படியுங்கள். சினிமாவின் நூறாண்டுக்காக, வருடத்துக்கு ஒரு படம், ஒரு நிழற்படம், ஒரு சின்னக் கட்டுரை. ஒரே சட்டகத்தை வைத்துக்கொண்டு இத்தனை காதலோடு எழுத முடியும் என்று எனக்குக் காட்டிய புத்தகம்.

ஏட்டுச்சுவடி:
கழிமுகம் 'இரவல்' பட்டியலில் சொன்ன பீட்டர் பேனின் ஆசிரியர் ஜே.எம். பாரி ஸ்காட்லாந்துக்காரர். கடைசித் துப்பறியும் நாவல் நடக்கும் ஊர் ஸ்விட்சர்லாந்தின் மைரிங்கன், ஷெர்லாக் ஹோம்ஸ் விழுந்து இறந்ததாகக் கதையில் நம்பப்பட்ட ரைஷன்பாக் அருவி இருக்கும் இடம். ஹோம்ஸைப் படைத்த கோனன் டாயில் எடின்பரோவில் பிறந்தவர். பாரிசிலும் லண்டனிலும் வாழ்ந்த அடேர் சிறுவயதில் படித்தவர்களிடமே திரும்பத் திரும்பப் போயிருக்கிறார் என்றுதான் நான் பார்க்கிறேன்.

கழிமுகம்:
ஊர்ப்பாசம் நாவலைக் காப்பாற்றாது. அந்த மூன்றாம் நாவலில் அடேரே கதைசொல்லியாக வருகிறார், அந்த நாவல்களில் துப்புத் துலக்க அவர் படைத்த எவட்னி மவுண்ட் அவர் எதிரிலேயே வந்து நிற்கிறார். தன்னையே பாத்திரமாக்கியும் தன்னைப் பற்றி எதையும் திறக்கவில்லை. ஆலிஸ் தொடர்ச்சியும் வேண்டாத வேலைதான். கரோல் சொல்லாமல் விட்டது எதுவும் அதில் இல்லை.

மாடப்புறா:
ஆலிஸ் விஷயத்தில் சண்டை போட மாட்டேன். ஆனால் அவர் எதையும் திறக்கவில்லை என்பதை ஏற்க முடியாது. 2001-ல் 'தி ரியல் டாட்ஸியோ' எழுதினார். 1911-ல் வெனிஸில் மன் பார்த்த நிஜச் சிறுவன் வ்லாடிஸ்லாவ் மோயெஸின் வாழ்க்கை. இலக்கியத்தில் என்றைக்கும் பதினான்கு வயது அழகன். நிஜத்தில் அவர் போருக்குப் போனார், இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர்களின் கைதியாக இருந்தார், கம்யூனிஸ்ட் ஆட்சியில் சொத்தை இழந்தார், 1986 வரை வாழ்ந்தார். மன்னின் கதையை வைத்து நாவல் எழுதிய அதே கை, பதினோரு வருடம் கழித்து, அந்தக் கதை விழுங்கிவிட்ட மனிதரைத் தேடிப் போயிருக்கிறது. இதில் நீங்கள் கேட்கும் அடேர் இருக்கிறார்.

அதற்கு முன் 'எ க்ளோஸ்டு புக்' படியுங்கள். பார்வை இழந்த எழுத்தாளர், அவருக்குக் கண்ணாக இருக்க வந்த உதவியாளன். ஏறக்குறைய முழு நாவலும் இருவரின் பேச்சு. உதவியாளன் வெளியுலகைப் பற்றிப் பொய் சொல்லத் தொடங்குகிறான். விவரிக்க வேறு ஆள் இல்லாததால் நமக்கும் அவன் சொல்வதுதான் உலகம். ரவுல் ரூயிஸ் 2010-ல் படமாக்கினார், ஆனால் பார்க்க வேண்டாம், படியுங்கள். இது யாரைப் பார்த்து எழுதியது என்று கண்டுபிடித்து இங்கே சொல்லுங்கள்.