எடைமேடையில் நாற்பது வினாடி

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலைக்கு வரவு பதியும் மென்பொருள் செய்துகொடுத்தோம். ஜாவாவில் எழுதியது, ஆப்ஜெக்டுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் நின்று குவெரியைத் தானே எழுதிக்கொள்ளும் ஹைபர்நேட், டேட்டாபேஸ் பெங்களூரில். ஏப்ரலில் பத்து லாட்டை (விவசாயி கொண்டுவரும் ஒரு சுமை ஒரு லாட்) வைத்துச் சோதித்தபோது பறந்தது. ஜூனில் பெங்களூரா ரக மாங்காய் வந்து குவிந்ததும் ‘இன்றைய வரவு’ திரை திறக்கவே நாற்பது வினாடி. வெளியே டிராக்டர்கள் வரிசையில் நிற்கின்றன, எடைமேடையில் இருந்த அக்கா “நீ பார்த்துட்டு இரு தம்பி, நான் நோட்டிலயே எழுதிக்கிறேன்” என்று கார்பன் தாளை எடுத்துவிட்டார்.

முதலில் நெட்டைத்தான் திட்டினேன். அப்புறம் டேட்டாபேஸுக்குப் போகும் குவெரிகளைக் காட்டும் எஸ்கியூஎல் லாக்கைப் போட்டுப் பார்த்தால், 200 லாட் காட்ட 601 செலக்ட், அதாவது 601 தடவை போய்க் கேட்கிறது! பட்டியலுக்கு ஒன்று, பிறகு லாட் ஒவ்வொன்றுக்கும் விவசாயி யார், தரச்சீட்டு என்ன, கிரேட் எத்தனை என்று தனித்தனியாக மூன்று. ஒரு முறை பெங்களூர் போய்வர 60 மில்லிசெகண்ட் என்றால் அதுவே 36 வினாடி. கோடில் லாட், புள்ளி, விவசாயி, புள்ளி, பெயர் என்றுதான் இருக்கிறது. அந்தப் புள்ளி இங்கேயே ரேமுக்குள் போகிறதா, ஓசூரைத் தாண்டி பெங்களூர் டேட்டாபேஸுக்குப் போகிறதா என்பது புள்ளியைப் பார்த்தால் தெரியாது. 1994இலேயே சன் நிறுவனத்தில் ஜிம் வால்டோவும் உடனிருந்தவர்களும் இதை எழுதிவிட்டார்கள், தொலைவில் உள்ள ஆப்ஜெக்டை உள்ளூர் ஆப்ஜெக்ட் போல நடத்தாதே என்று. கல்லூரியில் படித்ததுதான், உறைக்கவில்லை.

விவசாயியை ஜாயின் ஃபெட்ச் போட்டு முதல் குவெரியிலேயே இழுத்தேன். ஆசைப்பட்டு தரச்சீட்டு, கிரேட் இரண்டையும் அதிலேயே சேர்த்தது தப்பு: 5 சீட்டும் 20 கிரேட்டும் உள்ள ஒரு லாட், ஒவ்வொரு சீட்டோடும் ஒவ்வொரு கிரேட்டும் ஜோடி சேர்ந்து, 100 வரிசையாகப் பெருகி வந்தது. அவற்றைப் பிரித்து, ஒரு குவெரியில் 50 லாட்டுக்குச் சேர்த்து எடுக்கும்படி பேட்ச் சைஸ் 50 என்று வைத்தேன். இப்போது பட்டியலுக்கு ஒன்று, மற்ற இரண்டுக்கும் நான்கு நான்கு, மொத்தம் 9 குவெரி, திரை ஒரு வினாடியில் வருகிறது. அக்கா நோட்டை மட்டும் இன்னும் விடவில்லை.

* * *

தர்மபுரியிலிருந்து ஒரு பதில்:

நீங்களாவது நெட்டைத் திட்டினீர்கள், நான் கேஷை (டேட்டாபேஸுக்குப் போகாமல் சர்வரிலேயே வைத்துக்கொள்ளும் நகல்) நம்பிக் கெட்டேன். பாலக்கோடு பக்கம் ஒரு தக்காளி மண்டி, இரண்டு சர்வர். அன்றைய விலையை ஹைபர்நேட்டின் செகண்ட் லெவல் கேஷில் வைத்தேன், ஆனால் இரண்டு சர்வரின் கேஷும் ஒன்றோடொன்று பேசாது என்பதை யோசிக்கவே இல்லை. மதியம் ஒரு சர்வரில் விலையை மாற்றினார்கள், மற்றது காலை விலையிலேயே பில் போட்டுக்கொண்டிருந்தது. அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒரே தோட்டத்துத் தக்காளி, இரண்டு விலை. மண்டியில் என்ன பேச்சு வாங்கியிருப்பேன் என்று சொல்லவே வேண்டாம். இப்போது ஊர்ப்பெயர், ரகம் மாதிரி மாறாதவைதான் கேஷில், விலை நேராக டேட்டாபேஸிலிருந்து.

* * *

டேட்டாபேஸிலிருந்து படிக்கிறதைப் பற்றியே பேசுகிறோம், எழுதுகிறதும் வம்புதான் அண்ணா. பால் வரவு ஆயிரக்கணக்கில் இன்சர்ட் ஆகணும், பலதைச் சேர்த்து ஒரே தடவையில் அனுப்பும் பேட்ச் செட்டிங் போட்டும் ஒவ்வொன்றாகத்தான் போனது. இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது, ஐடிக்கு ஐடென்டிட்டி (வரிசை உள்ளே போகும்போதுதான் டேட்டாபேஸ் எண் கொடுக்கும் முறை) வைத்தால் ஹைபர்நேட் அந்த பேட்ச்சை ஓசையில்லாமல் விட்டுவிடும். எண்ணை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளும் சீக்வென்ஸுக்கு மாற்றினேன், 50க்கு ஒரு முறை ஃப்ளஷ் போட்டு டேட்டாபேஸுக்கு அனுப்பி, கிளியர் போட்டு மெமரியைக் காலிசெய்தேன். சரியாகிவிட்டது.

* * *

மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் சீக்வென்ஸ் கிடையாதே தம்பி?

* * *

கிடையாதுண்ணா. இது போஸ்ட்கிரேஸ் டேட்டாபேஸ். மைஎஸ்கியூஎல் இருக்கிற இன்னொரு இடத்தில் அந்த ஒரு வேலைக்கு மட்டும் ஹைபர்நேட்டை விட்டுவிட்டு, டேட்டாபேஸோடு நேரடியாகப் பேசும் ஜேடிபிசியில் எழுதிவிட்டேன். பார்க்க அசிங்கமாக இருக்கும், ஓடுகிறது.