நிலைப்பாட்டுக் கோட்பாடும் குயர் கோட்பாடும் சேர்ந்து போகுமா?

நெய்தல் கேட்டது:
பெண்ணியல் முதுகலையில் இரண்டையும் ஒரே பருவத்தில் படிக்கிறேன். ஒடுக்கப்பட்டவரின் இடத்திலிருந்து பார்த்தால் மேலே இருப்பவர் கண்ணில் படாதது படும் என்கிறார் நிலைப்பாட்டுக் கோட்பாட்டாளர் நான்சி ஹார்ட்சாக் (1983). அடுத்தது குயர் கோட்பாட்டு வகுப்பு, அதாவது பாலினம், பாலீர்ப்பு வகைகளை இயல்பானவை என்று ஏற்காத கோட்பாடு. அங்கே ஜூடித் பட்லர் (1990) வந்து, 'பெண்' என்ற வகையே அதிகாரம் உண்டாக்கியது என்கிறார். அப்படியானால் எங்கே நின்று பார்ப்பது?

கருங்கல்:
இந்தப் பாடத்தை நான் அமெரிக்காவின் எய்ட்ஸ் வரையறைப் போராட்டத்திலிருந்துதான் தொடங்குவேன்.

1980களில் அங்குள்ள நோய்க் கட்டுப்பாட்டு மையம் எய்ட்ஸுக்குரிய நோய்களைப் பட்டியலிட்டது, பெரும்பாலும் ஆண்களிடம் கண்டதை வைத்து. எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு வந்த கருப்பைவாய்ப் புற்றுநோய் அதில் இல்லை. பட்டியலில் இல்லாத நோய் வந்தவருக்கு எய்ட்ஸ் என்று பதிவாகாது. அரசின் உதவித்தொகை கிடைப்பதும் கஷ்டம். நியூயார்க் மாநிலத்தின் பெட்ஃபோர்ட் ஹில்ஸ் சிறையில் எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்குச் சக கைதிகளே ஆலோசனை சொன்னார்கள். அவர்களில் ஒருவர் கத்ரீனா ஹேஸ்லிப். விடுதலையானதும் ஆக்ட் அப் என்ற எய்ட்ஸ் போராட்ட அமைப்போடு சேர்ந்து வரையறையை மாற்றப் போராடினார். 1993 ஜனவரியில் அது மாறியது, கருப்பைவாய்ப் புற்றுநோயும் சேர்ந்தது. அதற்கு முந்தைய மாதமே ஹேஸ்லிப் இறந்துவிட்டார். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

இதே போராட்டத்தில் குயர் பார்வையும் இருந்தது. 'ஆபத்துப் பிரிவு' என்று ஆட்களைப் பிரித்த அட்டவணையில் லெஸ்பியன்களுக்கு இடமே இல்லை. நீ யார் என்று கேட்காதே, எந்தச் செயலால் தொற்று பரவுகிறது என்று கேள் என்றார்கள் செயல்பாட்டாளர்கள். வகைகளை நம்பாத அந்த மனசும், கீழிருந்து பார்க்கும் அந்தக் கண்ணும் ஒரே ஊர்வலத்தில் நடந்தன.

தாழம்பூ:
பட்டியல் போட்டவர்கள் பார்க்காதது ஹேஸ்லிப்புக்குத் தெரிந்தது பெண் என்பதால் மட்டுமா? கறுப்பினத்தவர், கைதி, நோயாளி. இனம், வர்க்கம், பாலினம் சேர்ந்தே ஒடுக்குகின்றன என்ற கறுப்பினப் பெண்ணியலாளர் பாட்ரிசியா ஹில் காலின்ஸை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது.

கருங்கல்:
உண்மைதான். இன்னொன்றும் சேர்க்கிறேன்: நிலைப்பாடு பிறப்பால் வருவதில்லை, போராடிச் சேர்ந்து அடைய வேண்டியது என்றுதான் ஹார்ட்சாக்கே சொன்னார். அதனால் 'பெண்' என்ற வகையைப் பட்லர் கேள்வி கேட்டாலும் நிலைப்பாடு அப்படியே சரிந்துவிடாது.

நிஜமான முட்டல் வேறு இடத்தில் இருக்கிறது. அனுபவத்தை அப்படியே சான்றாக எடுத்துக்கொள்ளலாமா? வரலாற்றாசிரியர் ஜோன் ஸ்காட் 1991இல், கறுப்பின கே எழுத்தாளர் சாமுவேல் டிலேனியின் தன்வரலாற்றை எடுத்துக்கொண்டு, கூடாது என்று வாதிடுகிறார். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். நெய்தல், அதைப் படித்துவிட்டு வாருங்கள், அப்புறம் சண்டை போடலாம்.