மறு: ‘குதிரை மாதிரி’க்கு மாற்றுச் சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

நாம் மொழிபெயர்க்கும் ஆய்வுச் செய்தியில் ‘horse model’, அதாவது மனித நோயை ஆராய மனிதருக்குப் பதிலாக நிற்கும் குதிரை, ‘குதிரை மாதிரி’ என்று வந்திருக்கிறது. அதற்கு வேறு சொல் தேடும் இந்த இழையில் வந்த கேள்வி:

> “குதிரை மாதிரியைப் பயன்படுத்திக் கல்லீரல் அழற்சி சி தடுப்பூசி ஆய்வு.” இந்தத் தலைப்பில் என்ன குறை? ‘மாதிரி’ பாடநூலிலேயே இருக்கிறதே?

குறை இலக்கணத்தில் இல்லை ஐயா, காதில் விழும்போதுதான். நேற்று வீட்டில் இதை வாய்விட்டுப் படித்தேன். “குதிரை மாதிரி எதைப் பயன்படுத்துறாங்க?” என்று அம்மா கேட்டார். பேச்சில் ‘மாதிரி’ என்றால் ‘போல’. ஆய்வகத்திலோ குழாயில் எடுக்கும் இரத்தமும் மாதிரிதான். மொழிபெயர்ப்பின் மூன்றாம் பத்தியில் “குதிரை மாதிரியின் இரத்த மாதிரி” என்றே வந்துவிட்டது!

சொல் தேடுவதற்கு முன், குதிரைக்கு அங்கே என்ன வேலை என்று பார்த்துவிடலாம். கல்லீரல் அழற்சி சி (ஹெபடைடிஸ் சி) நோயைத் தரும் வைரஸ் 1989இல் அடையாளம் காணப்பட்டது. குணமாக்கும் மாத்திரைகள் வந்துவிட்டன, தடுப்பூசி இன்னும் வரவில்லை. பெரிய தடை, ஆய்வுக்கு ஏற்ற விலங்கு இல்லாததுதான். சாதாரண எலிக்கு இந்த வைரஸ் தொற்றாது. சிம்பன்சிக்குத் தொற்றும்; ஆனால் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 2015இல் சிம்பன்சி ஆய்வுகளுக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது.

குதிரைக்கு மனித வைரஸைச் செலுத்துவதில்லை. கலந்துரையாடலில் பலரும் தவறவிட்ட இடம் இதுதான். குதிரைக்கென்றே ஒரு வைரஸ் இருக்கிறது. 2011இல் நாய்களிடமிருந்து எடுத்த சளியில் முதலில் தென்பட்டது, அடுத்த ஆண்டே குதிரைகளிடம் கண்டுபிடித்தார்கள். மனித சி வைரஸுக்கு மிக நெருங்கிய உறவு. அதுவும் கல்லீரலில்தான் குடியேறுகிறது. பெரும்பாலான குதிரைகள் அதைத் தாமாகவே விரட்டிவிடுகின்றன, சிலவற்றில் நீண்ட நாள் தங்கிவிடுகிறது. மனிதரில் தலைகீழ்: பத்தில் ஏழு பேருக்கு நாள்பட்ட தொற்றாகிறது. குதிரையின் உடல் எப்படி ஜெயிக்கிறது என்பதுதான் தடுப்பூசிக்காரர்களின் கேள்வி. ஒருமுறை குணமான குதிரைக்கு மீண்டும் அதே வைரஸைச் செலுத்திப் பார்த்ததில், முந்தைய தொற்று தந்த பாதுகாப்பு தெரிந்திருக்கிறது.

ஆக, மனிதருக்கான ஊசியைக் குதிரைக்குப் போட்டுப் பார்க்க முடியாது. குதிரை வைரஸிலிருந்து அதே வழியில் ஓர் ஊசி செய்து, எந்த வழி பலிக்கிறது என்று கற்றுக்கொள்ளலாம்.

இப்போது வந்த பரிந்துரைகள்:

‘சோதனை விலங்கு’: எந்தச் சோதனைக்கும் பொருந்தும், அதனாலேயே போதாது.

‘போலி’: எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. இலக்கணத்தில் அறம் அறனாவது கடைப்போலி. எழுத்து மாறும், பொருள் மாறாது. நமக்கு வேண்டிய கருத்து அப்படியே இருக்கிறது. ஆனால் போலி மருத்துவர் கைதாகும் செய்தியைத் தினமும் படிப்பவரிடம் ‘போலிக் குதிரை’ என்றால் பொய்க்கால் குதிரையைத்தான் நினைப்பார்.

‘வாடகை விலங்கு’: வாடகைத் தாயை வைத்து ஒருவர் சொன்னது. மெரினாவில் சவாரிக்கு நிற்கும் குதிரைதான் கண்ணில் வருகிறது.

‘ஊநீர்க் குதிரை’: ஊநீர் என்றால் சீரம். இது வேறு வேலை. பாம்புக்கடி மருந்துக்காக எதிர்ப்பொருள் தரும் குதிரைக்கு அந்தப் பெயர் இருக்கட்டும்.

என் பரிந்துரை ‘பதிலி’. சிம்பன்சி ஆய்வில் வைரஸ் மனிதருடையது, விலங்கு மட்டும் மாற்று. அதைப் ‘பதிலி விலங்கு’ எனலாம். குதிரை ஆய்வில் வைரஸ், விலங்கு இரண்டுமே மாற்று. அதனால் விலங்கை மட்டும் பெயரிட்டால் பாதிச் செய்தி போய்விடும். ‘பதிலி இணை’ என்றால் இரண்டும் அடங்கும்.

> பதிலி என்பதைக் கணினிக்காரர்கள் ஏற்கனவே எடுத்துக்கொண்டார்களே?

எடுத்துக்கொள்ளட்டும். பதிலி சேவையகமும் (proxy server) இன்னொன்றின் இடத்தில் நிற்பதுதானே? ஒரே பொருள், இரண்டு துறை. ‘மாதிரி’யில் வந்த சிக்கல், ஒரே பத்தியில் இரண்டு பொருள் மோதியது.

மூன்றாம் பத்தியை இப்படி மாற்றிப் பாருங்கள்: “குதிரையும் அதன் கல்லீரல் வைரஸும் சேர்ந்த பதிலி இணையில், தொற்றுக்குப் பிறகு வாரந்தோறும் இரத்த மாதிரி எடுத்தனர்.” வாய்விட்டுப் படித்தேன், இந்த முறை அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை.

வைரஸை நச்சுயிரி என்று மாற்றும் சண்டையைத் தயவுசெய்து வேறு இழையில் வைத்துக்கொள்வோம்.