கதிர்வீச்சுக்குப் பிறகு திரும்பி வந்த புராஸ்டேட் புற்றுநோய்: உறைய வைக்கும் சிகிச்சை செய்யலாமா?

நெல்லை மகள்:
அப்பாவுக்கு 72 வயது. புராஸ்டேட் புற்றுநோய்க்குக் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்த பிறகு நன்றாகத்தான் இருந்தார். 0.6 வரை இறங்கிய பிஎஸ்ஏ (புராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை அளவு) இப்போது 3.1. பயாப்ஸியிலும் மறுபடி தெரிகிறது. கிரையோ, அதாவது உறைய வைக்கும் சிகிச்சை, செய்யலாம் என்கிறார் டாக்டர். அப்பா கேட்பது ஒன்றுதான்: அதற்கப்புறம் வேட்டி நனையாமல் கோயிலுக்குப் போய்வர முடியுமா?

சேலத்துக்காரர்:
அம்மா, நானும் கரண்ட் வைத்து, நோய் திரும்பி வந்து, கிரையோ செய்துகொண்டவன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தார்கள். விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே உள்ள தோல் வழியாக, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசிகளைச் செலுத்துவார்கள். ஆர்கான் வாயு போனதும் ஊசிமுனையில் பனி உருண்டை வளரும். மைனஸ் 40 டிகிரி வரை இறக்கி, ஹீலியம் விட்டு உருக்கி, மறுபடியும் உறைய வைப்பார்கள். சிறுநீர்ப் பாதை உறைந்துவிடாமல் இருக்க அதற்குள் வெதுவெதுப்பான நீர் ஓடும் குழாய் இருக்கும்.

யூரின் டியூபோடுதான் வீட்டுக்கு வந்தேன். விதைப்பை வீங்கிக் கறுத்துவிட்டது, வீட்டில் எல்லோரும் பயந்துபோனார்கள். அது தானாக வடிந்தது. டியூபை எடுத்த பிறகு இருமினாலே சொட்டும். இடுப்புத் தசையை இறுக்கி விடும் பயிற்சியில் பெரும்பாலும் நின்றது. வெளியே போனால் இன்றும் பேட் வைத்துக்கொள்கிறேன். பஸ்ஸிலும் போகிறேன், கோயிலுக்கும் போகிறேன். தாம்பத்தியம் அதோடு நின்றுபோனது. இதைப் பலரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. கையெழுத்துப் போடும் முன் அப்பா, அம்மா இருவருக்கும் தெரிய வேண்டும்.

யூராலஜி வார்டு நர்ஸ்:
ஐயா சொன்னது சரி. ஒன்று சேர்க்கிறேன்: நோய் உடலில் எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று காட்டும் பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேன் எடுத்தாயிற்றா? நோய் எலும்புக்கோ நிணநீர்க் கணுக்களுக்கோ போயிருந்தால் புராஸ்டேட் சுரப்பியை மட்டும் உறைய வைத்துப் பயனில்லை. ஹார்மோன் ஊசி போன்ற வேறு வழிதான். கரண்ட் பட்ட இடம் சீக்கிரம் ஆறாது. அரிதாக மலக்குடலுக்கும் சிறுநீர்ப் பாதைக்கும் இடையே ஓட்டை விழலாம். அதனால் கரண்ட் வைத்தவர்களுக்கு கிரையோ செய்து பழகிய டாக்டர்தானா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

நெல்லை மகள்:
நன்றி ஐயா, நன்றி அக்கா. பெட் ஸ்கேன் இன்னும் எடுக்கவில்லை. முன்பு மூத்திரம் அடைத்தபோது சுரப்பியை உள்வழியாகச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். அதனால் தொந்தரவு வருமா?

யூராலஜி வார்டு நர்ஸ்:
வரலாம். அப்படிச் சுரண்டியவர்களுக்குக் கசிவும் அடைப்பும் வரும் வாய்ப்பு கூடுதல். ஸ்கேன் ரிப்போர்ட்டோடு அந்தப் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியையும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.