வாடகைக்கு விட முதல் வீடு வாங்குகிறேன், முன்பணம் கொடுக்கும் முன் எதைப் பார்ப்பது?

முதல்சாவி:
வாடகைக்கு விடுவதற்காகவே ஒரு வீடு பார்த்திருக்கிறேன். மேலும் கீழுமாக இரண்டு பகுதி, கட்டி 25 வருடத்துக்கு மேல், இரண்டிலும் ஆள் இருக்கிறார்கள். வருட வாடகை விலையில் 8 சதவீதம் என்கிறார் தரகர். விலையில் 75 சதவீதம் கடன், வட்டி 7 சதவீதம், ஆக 1 சதவீதம் கையில் நிற்கும், கடனும் தானாக அடையும் என்பது என் கணக்கு. இரண்டு தடவை போனேன், ஒவ்வொரு தடவையும் 20 நிமிடம்தான் விட்டார்கள். புதிதாகப் பெயின்ட் அடித்து நன்றாகவே இருக்கிறது. வேறு என்ன பார்க்க வேண்டும்?

கணக்குப்பிள்ளை:
அந்த 8 சதவீதம் வீடு ஒரு நாள்கூடக் காலியாக இல்லாமல், ஒரு குழாய்கூட உடையாமல் இருந்தால் வரும் தொகை. விலையை 100 என்று வையுங்கள், வாடகை 8. வருடத்தில் ஒரு மாதம் காலி என்றால் 7.33. வரி, காப்பீடு, பராமரிப்பு, எல்லாவற்றுக்கும் வாடகையில் கால்வாசி எடுத்து வைத்தால் (பழைய வீட்டுக்கு இது தாராளம் இல்லை) மிச்சம் 5.33. கடன் 75க்கு வட்டி 5.25. கையில் நிற்பது 0.08, அசலை இன்னும் தொடவே இல்லை. அது உங்கள் சம்பளத்திலிருந்துதான் போகும். விலை ஏறும் என்ற நம்பிக்கையில் வாங்குகிறீர்கள் என்றால் சரி, ஆனால் அதை வாடகை வருமானம் என்று சொல்லிக்கொள்ளாதீர்கள்.

ஓதம்கண்டவன்:
விற்பதற்கு முன் அடித்த புதுப் பெயின்ட் என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். நான் வாங்கிய முதல் வீட்டில் ஒரு சுவரை மறைத்துப் பெரிய அலமாரி நின்றது, நகர்த்திப் பார்க்கக் கூச்சப்பட்டு விட்டுவிட்டேன். குடியிருந்தவர் காலி செய்த அன்றுதான் பின்னால் சுவர் முழுக்கப் பூஞ்சை என்று தெரிந்தது. அதனால் கூச்சப்படாமல் அலமாரியை நகர்த்தச் சொல்லுங்கள். தரையிலிருந்து ஏறும் ஓதம் பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்துக்குள் நின்று, அந்த எல்லையில் வெள்ளையாக உப்புப் பூக்கும். அதற்கு மேலே ஈரம் இருந்தால் முதலில் குழாயையோ கூரையையோ சந்தேகப்படுங்கள். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போவது நல்லது, கதவைத் திறந்ததும் வரும் வாடையே பாதி சொல்லிவிடும். விரிசல் 1 மில்லிமீட்டருக்குள் மயிரிழை போல இருந்தால் பெரும்பாலும் பூச்சு காய்ந்ததால் வந்தது. 5 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடினாலோ, அதே அறையின் கதவும் சட்டத்தில் இடித்தாலோ, அடித்தளம் அசைந்திருக்கலாம், கட்டடப் பொறியாளர் பார்க்காமல் தொடாதீர்கள். மேல்தளத்தின் அடிப்பக்கத்தைத் தட்டிப் பாருங்கள், பொத்துப் பொத்தென்று சத்தம் வந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கலாம். துரு இரும்பைப் போலப் பல மடங்கு இடம் பிடிக்கும், அதுதான் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது, மேலே பூசி மறைத்தாலும் திரும்ப வரும். அப்புறம் எல்லாக் குழாயையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பாருங்கள், முள் நகர்ந்தால் எங்கேயோ கசிகிறது. மின்பலகையில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம் இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்றும் பாருங்கள். சோதிக்க ஆளை நீங்களே தேடிப் பிடியுங்கள். தரகர் சொல்லும் ஆளுக்கு அடுத்த வேலையையும் தரகர்தான் தர வேண்டும்.

சாவிக்கொத்து:
சுவரைப் பார்க்கச் சொன்னார்கள், ஆளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. குடியிருப்பவர்களோடு தனியாகப் பேசுங்கள், எந்த அறை ஒழுகுகிறது என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? ஒப்பந்தத்தை வாங்கிப் படியுங்கள், கடந்த 12 மாத வாடகை உண்மையிலேயே வங்கிக் கணக்கில் வந்ததா என்று பாருங்கள். அவர்கள் கொடுத்து வைத்திருக்கும் வைப்புத்தொகையை விற்பவர் உங்களிடம் ஒப்படைப்பதை எழுத்தில் வாங்குங்கள், இல்லையென்றால் காலி செய்யும்போது உங்கள் பையிலிருந்து போகும்.

முதல்சாவி:
நேற்று மழைக்குப் பிறகு போய் வந்தேன். மீட்டர் நகரவில்லை, அந்த மட்டில் நிம்மதி. ஆனால் கீழ்ப்பகுதியில் குடியிருப்பவர் தாமாகவே சமையலறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார், பெயின்ட் முழங்கால் உயரத்தில் கொப்பளித்திருக்கிறது. வாடகையும் தரகர் சொன்னது இல்லையாம், அவர் சொன்னது அடுத்த வருடம் கேட்கப்போகும் தொகையாம். இப்போதைய வாடகை விலையில் 6.5 சதவீதம்தான். பொறியாளரை வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன், விலையைக் குறைத்துக் கேட்க அவர் அறிக்கை வரும் வரை காத்திருப்பதா, இப்போதே கேட்டுவிடுவதா?

கணக்குப்பிள்ளை:
அறிக்கை வரட்டும். தாள் கையில் இருந்தால் பேரம் வேறு மாதிரி நடக்கும். அதுவரை முன்பணம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.