கற்பனைக் காவியப் படங்களுக்கு விருது கிடைத்தபோது: உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

செந்தூல் வாசகன்:

2004 மார்ச் 1, திங்கட்கிழமை காலை. லாஸ் ஏஞ்சல்ஸில் அப்போது ஞாயிறு மாலை. கோலாலம்பூரில் நாங்கள் எல்லோரும் வேலையில் இருந்தோம். ஆஸ்கார் முடிவுகள் இணையத்தில் ஒவ்வொன்றாக வர வர, எனக்கு வேலையில் கவனமே இல்லை. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூன்றாம் பாகம் பரிந்துரை பெற்ற 11 பிரிவுகளிலும் ஜெயித்தது. 'பென்-ஹர்', 'டைட்டானிக்' படங்களுக்கும் 11 விருது உண்டு, ஆனால் அவை சில பிரிவுகளில் தோற்றன. கற்பனை உலகக் கதை ஒன்று சிறந்த படமானதும் அதுதான் முதல் தடவை. "பூதக் கதையெல்லாம் சின்னப் பிள்ளைங்களுக்கு" என்று கேட்டே வளர்ந்தவன் நான். அன்று எனக்கு எப்படி இருந்திருக்கும்!

எனக்கு அதிலும் பெரிய சந்தோஷம் தழுவல் திரைக்கதைக்கு, அதாவது நாவலிலிருந்து எழுதிய திரைக்கதைக்கு, கிடைத்த விருது. ஃபிரான் வால்ஷ், ஃபிலிப்பா போயன்ஸ், பீட்டர் ஜாக்சன் மூவரும் வாங்கினார்கள். முதல் படத்திலேயே டாம் பாம்படில் என்ற பாத்திரத்தை முழுசாக எடுத்துவிட்டார்கள். நாவலை எழுதிய டோல்கீன் இரண்டாம் புத்தகத்தின் கடைசியில் வைத்த ராட்சதச் சிலந்தியை மூன்றாம் படத்துக்கு நகர்த்தினார்கள். புத்தகத்தை நேசிப்பவர்களுக்கு இது லேசில் செரிக்காது, எனக்கும் செரிக்கவில்லை. ஆனால் ஒரு பக்கம்கூடப் படிக்காத என் அம்மா, தோழன் சாம் நாயகன் ஃப்ரோடோவைத் தூக்கிக்கொண்டு மலையேறும்போது அழுதார். அப்போதுதான் அந்த விருது சரியானவர்களுக்குப் போயிருக்கிறது என்று பட்டது.

ஆறாத மனக்குறை ஒன்று உண்டு. மூன்று படத்துக்கும் சேர்த்து நடிப்புக்கு ஒரே ஒரு ஆஸ்கார் பரிந்துரை: முதல் பாகத்தில் மந்திரவாதி கேண்டால்ஃபாக வந்த இயன் மெக்கெல்லனுக்கு. அதுவும் கிடைக்கவில்லை. கிராஃபிக்ஸில் உருவான 'கொல்லம்' (Gollum) என்ற பாத்திரமாக நடித்த ஆண்டி செர்கிஸ் பட்டியலிலேயே இல்லை. இரண்டாம் பாகத்தின் கிராஃபிக்ஸுக்கு விருது கொடுத்தார்கள். அந்த உருவத்துக்குக் குரலும் உடலும் கொடுத்தவருக்கு ஒன்றுமில்லை.

பட்டர்வொர்த் அக்கா:

செர்கிஸ் பற்றித் தம்பி சொன்னது நியாயம்.

நான் பினாங்கில் மேடை நாடகங்களுக்கு ஒப்பனை செய்கிறவள். எனக்கு 2002-ஆம் ஆண்டுதான் பெரிசு. முதல் பாகத்துக்கு 13 பரிந்துரை, 4 விருது. அதில் ஒன்று ஒப்பனைக்கு, பீட்டர் ஓவனும் ரிச்சர்ட் டெய்லரும் வாங்கியது. கதையில் வரும் குள்ள மனிதர்களான ஹாபிட்களின் அந்த முடி முளைத்த பெரிய பாதங்களைக் காலையில் நடிகர்களின் காலில் ஒட்டுவார்கள். மாலையில் பிய்த்தால் வீண், மறுநாள் புது ஜோடி. டிவிடியில் அதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நம்ம ஊர் புழுக்கத்தில் அசுரனுக்கு ஒட்டிய தாடி பாதி வசனத்தில் வியர்வையில் நழுவி இறங்கும். திரைக்குப் பின்னால் பசையோடு காத்து நின்றவர்களுக்குத்தான் அந்த விருதின் அருமை தெரியும்.

அதற்கப்புறம் நிகழ்ச்சி நிரலில் ஒப்பனைக் கலைஞர் பெயரையும் போடச் சொல்லிக் கேட்க ஆரம்பித்தேன். இப்போது போடுகிறார்கள்.

பிரிக்பீல்ட்ஸ் பேரன்:

அக்கா, அண்ணா, 'பொன்னியின் செல்வன்' சரித்திரக் கதை, இந்த வகையில் வராது. ஆனாலும் பெரிய நாவல் படமாகி விருது வாங்கிய கதைதானே, சொல்கிறேன்.

கல்கியின் ஐந்து பாகங்களையும் திரும்பத் திரும்பப் படித்தவர் என் பாட்டி. 2022-இல் படத்தின் முதல் பாகத்துக்கு அவரைத் தியேட்டருக்குக் கூட்டிப்போனேன். கதையில் வரும் கடாரம் நம்ம கெடா மாநிலம்தான் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

2024 ஆகஸ்டில் இந்தியாவின் 70-ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் அந்தப் படத்துக்கு நான்கு என்று செய்தி வந்தது. சிறந்த தமிழ்ப் படம், ரவி வர்மனின் ஒளிப்பதிவு, ஏ.ஆர். ரஹ்மானின் பின்னணி இசை, ஆனந்த் கிருஷ்ணமூர்த்தியின் ஒலி வடிவமைப்பு. ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அவ்வளவு பெரிய கதையை ரெண்டு படத்துல அடக்குனவங்களுக்கு ஒண்ணும் இல்லையாய்யா?" என்றார். மணிரத்னம், ஜெயமோகன், குமரவேல் மூன்று பேரும் சேர்ந்து எழுதிய திரைக்கதை அது. நானும் பாட்டி கட்சிதான்.