எல்எஸ்டி போட்டால் வீல்ஸ்பின் நின்றுவிடுமாம்!

கிளாங்_வாசி:
நேற்று ஒரு புதுப் பையனுக்கு டிஃப்_பாண்டி கொடுத்த பதிலைப் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை. பையனிடம் இருப்பது நிசான் சில்வியா எஸ்14. எஸ்ஆர்20டிஇடி டர்போ இன்ஜின், ரியர் வீல் டிரைவ், அதாவது பின்சக்கரம்தான் வண்டியைத் தள்ளும். பூஸ்டை, அதாவது டர்போ காற்றைத் தள்ளுகிற அழுத்தத்தை, 1 பார் வரை ஏற்றியிருக்கிறார். இரண்டாவது கியரில் மிதித்தால் பின்டயர் வழுக்கிச் சுற்றுகிறது (அதுதான் வீல்ஸ்பின்), என்ன செய்யலாம் என்று கேட்டார். பாண்டி ஒரே வரியில் முடித்துவிட்டார்: "டூ-வே எல்எஸ்டி போடுங்கள், வீல்ஸ்பின் போய்விடும்."

போகாது. டிஃபரென்ஷியல் என்பது இன்ஜின் விசையை இரண்டு பின்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற பாகம்; ஒரு சக்கரம் மட்டும் தனியாகச் சுற்றாமல் இரண்டையும் ஓரளவு பூட்டி வைக்கிற வகைதான் எல்எஸ்டி (லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல்). அது டயருக்குப் பிடிப்பைக் கூட்டாது. இருக்கிற பிடிப்பை இரண்டு சக்கரத்துக்கும் பங்கிட்டுக் கொடுக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. இதுவரை ஒரு டயர் சுற்றியது, இனி இரண்டும் சேர்ந்து சுற்றும். பையன் பெரிய தொகையைச் செலவழித்துவிட்டு மழையில் வண்டியைத் திருப்பிப் போட்டுக்கொள்ளப் போகிறார். டிஃபரென்ஷியலில் கை வைப்பதற்கு முன்னால் டயரைப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும்.

டிஃப்_பாண்டி:
என் பெயரைத் தலைப்பிலும் சேர்த்திருக்கலாமே அண்ணே.

எஸ்14இல் கம்பெனியிலிருந்து வருவது விஸ்கஸ் எல்எஸ்டி. உள்ளே இருக்கிற சிலிகான் திரவம் சூட்டில் அடிபட்டு, இத்தனை வருஷத்துக்கு அப்புறம் பெரும்பாலான வண்டிகளில் செத்துப் போயிருக்கும். பேருக்குத்தான் எல்எஸ்டி, நடப்பில் அது ஓப்பன் டிஃப், அதாவது பூட்டே இல்லாத சாதா டிஃபரென்ஷியல். ஓப்பன் டிஃப் இரண்டு பக்கமும் ஒரே அளவு டார்க்தான் (முறுக்குவிசை) கொடுக்கும். வளைவிலிருந்து வெளியே வரும்போது உள்பக்க டயரில் பாரம் குறைகிறது, அது சுற்ற ஆரம்பிக்கிறது. அந்த நேரத்தில் வெளிப்பக்க டயருக்கும் அதே சொற்ப டார்க்தான் கிடைக்கும். உராய்வுத் தட்டுகளால் பூட்டுகிற பிளேட் எல்எஸ்டி போட்டால் வெளிப்பக்க டயர் வேலை செய்யும், வண்டி முன்னே போகும். இதற்கு வீல்ஸ்பின் போனது என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

கிளாங்_வாசி:
வளைவு எங்கிருந்து வந்தது? பையன் இரண்டாவது கியரில் என்றார். கணக்கு போட்டுப் பார்ப்போம், தம்பி.

டார்க் 340 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எஸ்14இன் இரண்டாவது கியர் விகிதம் 1.902, டிஃபில் இருக்கிற ஃபைனல் டிரைவ் விகிதம் 4.083. மூன்றையும் பெருக்கி, கியர்பாக்ஸிலும் டிஃபிலும் 15 சதவீதம் போகட்டும் என்று விட்டு, 225/45 ஆர்17 டயரின் ஆரத்தால் வகுத்தால் தரையில் சுமார் 720 கிலோ தள்ளுவிசை வருகிறது. இப்போது பின்பக்கப் பாரம். வண்டி 1,250 கிலோ, அதில் பின்னால் 45 சதவீதம் என்றால் 560 சொச்சம். அரை ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி) வேகமெடுப்பில், புவியீர்ப்பு மையம் அரை மீட்டர் உயரம், வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடைத்தூரம்) 2,525 மில்லிமீட்டர் என்று கொண்டால் முன்னாலிருந்து 124 கிலோ பின்னால் வரும். ஆக மொத்தம் 685.

சாதாரண டயரின் உராய்வு 0.9 என்றால் அது தாங்குவது 617 கிலோ. வருவது 720. நேர் ரோட்டில் இரண்டு டயரிலும் சம பாரம் இருக்கும்போது எந்த எல்எஸ்டி இந்த 100 கிலோவை விழுங்கும்? அதே இடத்தில் ட்ரெட்வேர் (தேய்மான எண்) 200 போட்ட நல்ல ஒட்டும் டயர், உராய்வு 1.1 என்றால் 754 கிலோ தாங்கும். பிரச்சினை அங்கேயே முடிந்தது. எல்எஸ்டி பிடிப்பைக் கூட்டாது.

பூஸ்ட்_ராஜா:
கணக்கு சரி, ஆனால் முதல் கியரை ஏன் யாரும் பேசவில்லை? முதல் கியர் 3.321. அதே கணக்கில் 1,250 கிலோவுக்கு மேல் வரும். எந்த ரோடு டயரும் அதைத் தாங்காது. எலக்ட்ரானிக் பூஸ்ட் கன்ட்ரோலர் வாங்கி, கியருக்கு ஏற்ற மாதிரி பூஸ்டைக் குறைத்து வைத்தால் காசும் மிச்சம், டயரும் மிச்சம். முதல் கியரில் வேஸ்ட்கேட் (பூஸ்டைக் கட்டுப்படுத்துகிற வால்வு) ஸ்பிரிங் கொடுக்கிற குறைந்த பூஸ்ட் போதும். இரண்டாவதில் கொஞ்சம் ஏற்று, மூன்றாவதிலிருந்து முழுசும் கொடு. டர்போ வண்டியில் வீல்ஸ்பின் வருவதே பூஸ்ட் ஒரேயடியாக வந்து அறைவதால்தான். அந்த ஏற்றத்தைச் சாய்வாக்கினால் பாதிப் பிரச்சினை போய்விடும்.

டிஃப்_பாண்டி:
பவரைக் குறைத்து வீல்ஸ்பினை நிறுத்துவது ஒரு தீர்வா? அப்படியானால் பூஸ்டை ஏற்றாமலேயே இருந்திருக்கலாமே.

கிளாங் அண்ணே, உங்கள் கணக்கில் இரண்டு டயருக்கும் சம பாரம், சம ரோடு, சம ஈரம் என்று வைத்திருக்கிறீர்கள். அப்படி ஒரு ரோடு எங்கே இருக்கிறது? ஒரு பக்கம் மணல், ஒரு பக்கம் வெள்ளைக்கோடு, ஒரு பக்கம் தண்ணீர். ஓப்பன் டிஃப் என்றால் வழுக்குகிற பக்கம் எவ்வளவு தாங்குகிறதோ அதன் இரண்டு மடங்குதான் மொத்தத் தள்ளுவிசை. எல்எஸ்டி போட்டால் வீல்ஸ்பின் குறையும். ஆயிரம் தடவை கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

கொவென்ட்ரி_கரன்:
இங்கே இங்கிலாந்தில் வருஷத்தில் பாதி நாள் ஈர ரோடுதான், ஆகவே நானும் சொல்லலாம் என்று நினைக்கிறேன். 1986இல் வந்த ஃபோர்டு சியேரா ஆர்எஸ் கொஸ்வேர்த் என்ன? ரேர்போ இன்ஜின், பின்சக்கர ஓட்டம், 204 குதிரைச்சக்தி, பின்னால் விஸ்கஸ் எல்எஸ்டி. அது புதுசாக இருந்த காலத்திலேயே ஈரத்தில் பின்பக்கம் பிய்த்துக்கொண்டு போகும் கார் என்றுதான் பெயர் எடுத்தது. ஃபோர்டு 1990இல் அந்தக் காரை நான்கு சக்கர ஓட்டத்துக்கு மாற்றியது. எல்எஸ்டி போதும் என்றால் ஏன் மாற்ற வேணும்? கிளாங் அண்ணை சொல்வது சரி, முதலில் ரயர்.

டிஃப்_பாண்டி:
ராலிக்காக மாற்றினார்கள் கரன். மண்ணிலும் பனியிலும் நான்கு சக்கரம் வேண்டும் என்பதற்கும் நம் பேச்சுக்கும் என்ன தொடர்பு? அதே காரின் ஆர்எஸ்500 வகை, 500 வண்டிதான் செய்தார்கள், ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் ரேஸில் 1988இலும் 1989இலும் ஜெயித்தது. ரியர் வீல் டிரைவ்தான். ஓப்பன் டிஃபை வைத்துக்கொண்டா ஜெயித்தார்கள்?

கொவென்ட்ரி_கரன்:
பட்டன் இல்லாத ஸ்லிக் ரேஸ் ரயர் போட்டு ஜெயித்தார்கள். அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

கிளாங்_வாசி:
சரியான கேள்வி. ஃபெராரி எஃப்40ஐ எடுங்கள். 1987, இரட்டை டர்போ, 478 குதிரைச்சக்தி, சக்கரம் வழுக்கினால் பவரைத் தானாகக் குறைக்கிற டிராக்ஷன் கன்ட்ரோல் கிடையாது. பின்னால் 335 மில்லிமீட்டர் அகல டயர் கொடுத்தார்கள். ஏன் கொடுத்தார்கள் என்று யோசியுங்கள் பாண்டி.

டிஃப்_பாண்டி:
எஃப்40இலும் எல்எஸ்டி இருக்கிறது. அது ஏன் கொடுத்தார்கள் என்று நீங்கள் யோசியுங்கள்.

புது_சில்வியா:
வணக்கம், கேள்வி கேட்டது நான்தான். அண்ணன்மார்கள் சண்டை போட வேண்டாம். வண்டியில் இருப்பது பழைய டயர், வாங்கும்போதே போட்டிருந்தது. பக்கவாட்டில் நாலு இலக்கத்தில் 1415 என்று இருக்கிறது. வண்டியைத் தாழ்த்தி காய்லோவர் (உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்-டாம்பர் செட்) போட்டிருக்கிறேன். பின்டயர் உள்விளிம்பு மட்டும் தேய்கிறது. மிதிக்கும்போது பின்னால் டக்-டக் என்று குதிக்கிற மாதிரியும் இருக்கிறது. காற்று எவ்வளவு வைக்கலாம்?

கிளாங்_வாசி:
1415 என்றால் 2015ஆம் வருஷம் 14ஆவது வாரம் செய்த டயர், தம்பி. பட்டன் இருந்தாலும் ரப்பர் இறுகிப் போயிருக்கும். இதற்கு எல்எஸ்டி போடச் சொன்ன மனிதரை என்ன சொல்வது?

உள்விளிம்பு தேய்கிறது என்றால் வண்டியைத் தாழ்த்தியதில் பின்னால் நெகட்டிவ் கேம்பர் ஏறிவிட்டது, அதாவது சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்துவிட்டது. மிதிக்கும்போது பின்பக்கம் இன்னும் அமுங்கும், கேம்பர் இன்னும் கூடும், அகல டயர் வாங்கியும் ரோட்டில் படுவது உள்பக்கக் கீற்று மட்டும்தான். சரிசெய்யக்கூடிய ரியர் அப்பர் ஆர்ம் போட்டு கேம்பரை மைனஸ் 1 டிகிரிக்குள் கொண்டு வாருங்கள். டோ, அதாவது சக்கரத்தின் முன்முனை, கொஞ்சம் உள்நோக்கி இருக்கட்டும். ஸ்டிஃபான ரியர் ஆன்டி-ரோல் பார் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கிற கம்பி) போட்டிருந்தால் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டுங்கள். பாண்டி புலம்புகிற அந்த உள்பக்க டயரைத் தூக்குவதே அதுதான். டக்-டக் என்று குதிப்பது வீல் ஹாப். பின் சப்ஃப்ரேமை (பின் சஸ்பென்ஷனைத் தாங்குகிற சட்டம்) பாடியோடு இணைக்கிற புஷ் ரப்பர் போயிருக்கும். டயர் பிடிக்கிறது, விடுகிறது, திரும்பப் பிடிக்கிறது. டிரைவ் ஷாஃப்டையே உடைத்துவிடும். எல்எஸ்டி போட்டால் இதில் எது சரியாகும்?

டிஃப்_பாண்டி:
புஷ், கேம்பர் எல்லாம் வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? இருபத்தைந்து வருஷ வண்டியில் அவையெல்லாம் பராமரிப்பு, எவனும் செய்துதான் ஆக வேண்டும். அவர் கேட்டது வீல்ஸ்பினுக்கு மருந்து.

அப்புறம், கிளாங் அண்ணன் கேம்பரைப் பற்றிப் பேசுவது எனக்கு வேடிக்கையாக இல்லை. போன வருஷம் இங்கே ஒரு காய்லோவர் செட் விற்றார். டாம்பர் நன்றாக இருக்கிறது என்றார். வாங்கியவர் மாட்டிய வாரமே ஒரு பக்கம் எண்ணெய் கசிந்தது. வாங்கியவர் நான்தான்.

கிளாங்_வாசி:
கசிந்தது நீங்கள் தலைகீழாக ஸ்பிரிங் சீட்டை முறுக்கியதால். அப்போதே படம் போட்டுக் காட்டினேன். காசு திருப்பித் தரவும் தயாராக இருந்தேன், நீங்கள்தான் பதில் போடவில்லை. காய்லோவர் கோபத்தை வைத்துக்கொண்டு ஒரு புதுப் பையனுக்குத் தப்பு வழி காட்டாதீர்கள். எல்எஸ்டி பிடிப்பைக் கூட்டாது.

பூஸ்ட்_ராஜா:
இதனால்தான் பூஸ்டைப் பேசுங்கள் என்றேன்.

டிஃப்_பாண்டி:
ராஜா, போன மாதம் நீங்கள் போட்ட டைனோ (பவர் அளக்கிற மெஷின்) தாள் ஞாபகம் இருக்கிறதா? அதில் சக்கரத்தில் வருகிற பவரா, இன்ஜினில் வருகிற பவரா என்று மூன்று பேர் கேட்டும் இன்னும் பதில் இல்லை.

பூஸ்ட்_ராஜா:
சக்கரத்தில் என்று அன்றைக்கே எழுதினேன். படிக்காமல் பேசினால் நான் என்ன செய்ய?

கொவென்ட்ரி_கரன்:
தம்பி புது_சில்வியா, ஒன்று மட்டும் கேளுங்கோ. டூ-வே எல்எஸ்டி மிதிக்கும்போதும் பூட்டும், விடும்போதும் பூட்டும். ஈரமான ரவுண்டபவுட்டில் ஓப்பன் டிஃப் என்றால் உள்பக்க ரயர் சும்மா சுற்றும், வெளிப்பக்கம் காரைப் பிடித்து வைத்திருக்கும். பூட்டிய டிஃப் என்றால் இரண்டும் ஒன்றாகக் கைவிடும். தினம் ஓட்டுகிற காருக்கு எல்எஸ்டி வேணும் என்றாலும் பல்சக்கரங்களால் வேலை செய்கிற ஹெலிகல் வகையைப் பாருங்கோ. சில்வியா எஸ்15 ஸ்பெக்-ஆரில் நிசானே அதைத்தான் போட்டது.

டிஃப்_பாண்டி:
ஹெலிகல் வகையில் ஒரு சக்கரம் தரையை விட்டுத் தூக்கினால் மற்றதுக்கும் ஒன்றும் போகாது. பூஜ்யத்தை எத்தனையால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். ஆனாலும் பாருங்கள், இப்போது கரனே எல்எஸ்டி பரிந்துரைக்கிறார். நிசானும் போட்டது. நான் சொன்னால் மட்டும் தப்பு.

கிளாங்_வாசி:
எல்எஸ்டி கெட்டது என்று நான் ஒரு வரி எழுதியிருக்கிறேனா? என் வண்டியிலேயே இருக்கிறது. பிடிப்பு இருக்கிற வண்டியில் அது பொன். பத்து வருஷ டயரோடு, சாய்ந்த கேம்பரோடு, கிழிந்த புஷ்ஷோடு இருக்கிற வண்டிக்கு "இதைப் போடுங்கள், வீல்ஸ்பின் போய்விடும்" என்று எழுதியதைத்தான் தப்பு என்கிறேன். தம்பி, காற்றைப் பற்றிக் கேட்டீர்கள். இந்த டயருக்கு எவ்வளவு வைத்தாலும் ஒன்றுதான், மாற்றுங்கள். புது டயர் போட்ட பிறகு, நன்றாக ஓட்டிச் சூடான நிலையில் அளந்து, இரண்டு இரண்டு பிஎஸ்ஐயாகக் குறைத்துப் பாருங்கள். ரொம்பக் குறைத்தால் பக்கச்சுவர் மடிந்து பிடிப்பு மறுபடியும் போகும், வளைவில் வண்டி ஆடும்.

டிஃப்_பாண்டி:
"பிடிப்பு இருக்கிற வண்டியில் அது பொன்." அப்படியானால் எல்எஸ்டி வீல்ஸ்பினைக் குறைக்கிறது என்று ஒத்துக்கொள்கிறீர்கள்.

கிளாங்_வாசி:
ஒத்துக்கொள்ளவில்லை. நேர் ரோட்டில் இரண்டாவது கியரில் வருகிற 720 கிலோவை எல்எஸ்டி என்ன செய்யும்? இதற்கு இதுவரை உங்களிடமிருந்து பதில் இல்லை.

டிஃப்_பாண்டி:
நேர் ரோடு என்று அந்தத் தம்பி எங்கே எழுதினார்? காட்டுங்கள்.

கிளாங்_வாசி:
வளைவு என்று எங்கே எழுதினார்? நீங்கள் காட்டுங்கள்.

டிஃப்_பாண்டி:
நான் முதலில் கேட்டேன்.